மூடல் பிரிவின் ஒரே ஊழியர்

பேர்ணடெட்டுக்கு அந்த வேலை ஒரு பூச்சியால் கிடைத்தது. பூச்சாடியைத் தூக்கினால் வாலில் இடுக்கியோடு ஓடுமே, இந்த ஊர்க்காரர் இயர்விக் என்று சொல்வது, அந்தப் பூச்சிதான். அதற்குச் சிறகு இருப்பதே பலருக்குத் தெரியாது. இருக்கிறது. விரித்தால் முதுகை முழுக்க மறைக்கும். மடித்தால் ஒரு பொட்டளவு இடத்துக்குள் அடங்கிவிடும்.

இந்தச் சங்கதியைக் கேட்டுப் பிரமித்துப்போன சிலர், அரசாங்கத்தையும் பிரமிக்க வைத்து, ஓக்லண்டில் பென்ரோஸ் பக்கம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் 'தேசிய இயற்கைவழி மடிப்பமைப்பு மையம்' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பூச்சிச் சிறகும் பூவிதழும் எப்படி மடிகின்றன, எப்படி விரிகின்றன என்று பார்த்து, அதே மாதிரிக் கூடாரமும் கூரையும் செய்வது அவர்களுடைய நோக்கம். அங்கே நாற்பத்தொரு பேர் வேலை செய்தார்கள். அதில் பூச்சியைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்.

பேர்ணடெட் அப்போது விரியில் லொறிச் சாமான்களை மூடுகிற படங்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். விரி என்பது தமிழில் ஒரு கட்டளை. ஓக்லண்டின் தெற்கில் அது களஞ்சியமும் தொழிற்சாலையுமாகக் கிடக்கிற ஓர் இடம். அவளுக்கு அங்கே நிரந்தர வேலை இல்லை. ஓடர் வந்தால் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் மவுண்ட் ரோஸ்கில் வாடகை வீட்டில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். சொந்த ஊர் மன்னார், பேசாலை. பன்னிரண்டு வயது மகள் ஜனுஷா கூட இருந்தாள். கணவன் ஜூலியன் கொழும்பில், வத்தளையில் ஓர் அறையில் மூன்று வருடமாகக் காத்திருந்தான். இமிகிரேஷன்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் கொண்டுவாருங்கள். உங்கள் மூவருக்கும் பைல் நகரும்."

மையம் தன் முதலாவது கூரையைத் தைக்க அந்தத் தொழிற்சாலைக்குத்தான் கொடுத்தது. இயர்விக் சிறகின் படி, அறுபத்துநான்கு தாளில் வரைபடம். மற்றவர்கள் தாளைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். பேர்ணடெட் ஒருத்திதான் இருந்து தைத்து முடித்தாள். கையளிக்கிற அன்று, தையல் சரியா என்று பார்க்க அவளையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மையத்தின் வரவேற்புக் கூடத்தில் கூரை அழகாக விரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு மூடப் பார்த்தார்கள். அது மூடவில்லை. கலாநிதிப் பட்டம் பெற்ற நான்கு பேர் நான்கு மூலையில் நின்று இழுத்தார்கள். ஒருவர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கட்டளை கொடுத்தார். துணி படும் பாட்டைப் பேர்ணடெட்டால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "எக்ஸ்கியூஸ் மீ" என்று உள்ளே போனாள். முதலில் ஒரு சாண் அதிகமாக விரித்து இறுக்கத்தைத் தளர்த்தினாள், நடுவில் முழங்காலை ஊன்றினாள், இரண்டு மூலையை உள்ளே தள்ளினாள். கூரை தானாகச் சுருண்டு ஒரு சூட்கேஸ் அளவுக்கு வந்து நின்றது.

மையத்தின் தலைவரான பணிப்பாளர் டொக்டர் பம்ஃப்ரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றீர்கள்?"

"தைத்தது நான்தான்" என்றாள் அவள்.

அவளை அங்கேயே வேலைக்கு எடுத்துவிட்டதாக அவர் அறிவித்தார். ஆனால் நேர்முகத் தேர்வு இல்லாமல் யாரையும் எடுக்க முடியாதாம். அதற்கு ஆறு வாரம் ஆயிற்று. ஐந்து பேர் அரைவட்டமாக இருந்தார்கள். ஆட்களை எடுக்கிற பொறுப்பில் ஷெரில் என்ற அம்மா. அவளுடைய பதவியின் பெயர் 'மனிதச் சாத்தியங்களின் வழிகாட்டி'.

"அடுத்த ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?"

பேர்ணடெட் யோசித்தாள். "என் கணவர் வந்துவிட்டால், இதைவிடப் பெரிய வீட்டில்."

ஐந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். 'நீண்டகாலப் பார்வை உண்டு.'

"மாற்றங்களை எப்படி எதிர்கொள்வீர்கள்?" என்று ஷெரில் கேட்டாள்.

"நாலு தரம் இடம்பெயர்ந்திருக்கிறேன்."

ஷெரில் பேனையைக் கீழே வைத்து, உண்மையான அனுதாபத்தோடு தலையாட்டினாள். "எனக்கு விளங்குகிறது. நாங்களும் போன வருடம் இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு மாறினோம். இன்னும் சிலர் அதிலிருந்து மீளவில்லை."

வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். திறமையை நிரூபித்தால் நிரந்தரம். பதவி விளக்கம் பதினான்கு பக்கம் இருந்தது. பேர்ணடெட் அதை மகளிடம் கொடுத்தாள். ஜனுஷா சோபாவில் சாய்ந்து இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னவாம், பிள்ளை?"

"மம், இட் டஸின்ட் சே எனிதிங்."

"பதினாலு பக்கம் இருக்கே?"

"ஐ நோ."

முதல் நாள் அவள் தன் மேசையைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு வழிதவறிப் போனபோதுதான் செல்வராஜைக் கண்டாள். கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயது, பூச்சிகளில் கலாநிதி. மையத்தின் பூச்சி தெரிந்த அந்த ஒருவன் இவன்தான். கண்ணாடிப் பெட்டிகளில் குத்தி வைத்த வண்டுகளுக்கு நடுவில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தமிழாங்க? உக்காருங்கக்கா! இங்க பூச்சியைப் பத்திப் பேசுற ஒரே ஆளு நான்தான். மத்தவங்க எல்லாம் பூச்சியைப் பத்திப் பேசுறது எப்படின்னு பேசுறாங்க."

"எனக்கு வேலை மடிக்கிறது எண்டு சொன்னவை தம்பி. எதை மடிக்கிறது?"

"அதையும் மேலதான் பேசிட்டிருப்பாங்க."

உண்மைதான். முதல் மூன்று மாதம் அவள் மடித்தது பதினொரு தரம். மீதி நேரம் கூட்டத்தில் இருந்தாள். மையத்தின் சின்னத்தில் வரும் பூச்சியின் சிறகு விரிந்து இருப்பதா மடிந்து இருப்பதா என்று ஏழு கூட்டம் நடந்தது. விரிந்திருந்தால் செலவாளி போலத் தோன்றும் என்றார்கள். மடிந்திருந்தால் சோம்பேறி போலத் தோன்றும் என்றார்கள். கடைசியில் ஒரு சிறகு விரிந்தும் மற்றது மடிந்தும் போட்டார்கள். செல்வராஜ் அதைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பூச்சி இருந்தால் அது ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று எழுதி அனுப்பினான். 'உங்கள் ஈடுபாட்டுக்கு நன்றி' என்று பதில் வந்தது.

பிறகு திறமை நிர்ணயம் வந்தது. பேர்ணடெட்டுக்கு மடிக்கத் தெரியும் என்பதைச் சான்றிதழ் பெற்ற ஒருவர்தான் உறுதிப்படுத்த வேண்டும். மடிப்பதில் சான்றிதழ் பெற்றவர் நாட்டிலேயே இல்லை. ஆகவே வெலிங்டனிலிருந்து கொலின் என்ற ஆலோசகரை வரவழைத்தார்கள். அவருக்கு மடிக்கத் தெரியாது. அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பேர்ணடெட்டிடம் சொன்னார்கள்.

இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தாள். அவருடைய விரல் இரண்டு தரம் நசுங்கியது. மூன்றாவது தரம் மடித்தே விட்டார். அந்தக் கணமே அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலை அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து பேர்ணடெட்டைப் பரீட்சித்தார். அவள் இருபத்தாறு விநாடியில் மடித்து முடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

முடிவு: 'இன்னும் எட்டப்படவில்லை.' காரணம்: 'மடிக்கும்போது இவர் யோசிப்பதாகத் தெரியவில்லை.'

"நான் என்ன செய்யவேணும்?" என்று அவள் ஷெரிலிடம் கேட்டாள்.

"உங்கள் செயல்முறையை எழுத்தில் தாருங்கள். அம்புக்குறிகள் இருந்தால் நல்லது."

அதற்கு முன் கொலின் நடத்திய இரண்டு நாள் மடிப்புப் பயிற்சிக்கும் அவளை அனுப்பினார்கள். துணிக்கு நான்கு ஓரம் உண்டு என்று அங்கே அவள் அறிந்துகொண்டாள். பிறகு ஜனுஷாவை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் ஒன்பது தாளில் அம்புக்குறி போட்டாள். ஓகஸ்டில் 'எட்டப்பட்டது' என்று வந்தது. நிரந்தர நியமனக் கடிதத்தை ஷெரில் அன்றே தட்டச்சு செய்துவிட்டாள்.

பணிப்பாளரின் கையெழுத்து மட்டும் மிச்சம். டொக்டர் பம்ஃப்ரி நிரந்தர நியமனங்களில் கண்டபடி கையெழுத்து வைப்பவரல்ல. மூலோபாயத் தெளிவுள்ள காலாண்டில்தான் வைப்பார். எந்தக் காலாண்டில் தெளிவு வரும் என்று அவருக்கே சொல்ல முடியாது.

ஜூலியன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். "கையெழுத்து வைச்சிட்டினமோ?"

"இல்லை. இன்னும் தெளிவு வரேல்லையாம்."

"ஆருக்கு?"

"காலாண்டுக்கு."

"பேர்ணி, நீர் உண்மையா வேலைக்குத்தானே போறீர்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான். அன்று அவள் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதாள். அவன் சந்தேகப்பட்டதற்காக அல்ல. தான் போகிற இடம் ஒரு பொய் மாதிரித்தான் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

இந்த இடைவெளியில் மையத்தைச் சீரமைத்தார்கள். நாட்டில் அந்த நாட்களில் எதையும் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மற்றப் பாதியிடம் விலைக்கு வாங்கச் சொல்வது நாகரிகமாக இருந்தது. டொக்டர் பம்ஃப்ரி எல்லாரையும் கூடத்தில் நிறுத்திப் பேசினார்.

"நண்பர்களே, இயற்கையில் விரிவதும் மூடுவதும் ஒரே சிறகுதானே என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். இயற்கை எவ்வளவு திறமையற்றது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? கோடிக்கணக்கான ஆண்டுகளாக, போட்டி என்பதே இல்லாமல், ஒரே பூச்சி இரண்டு சேவையையும் வழங்கி வந்திருக்கிறது. இன்றோடு அந்த ஏகபோகம் முடிகிறது. இனி நமக்கு விரித்தல் பிரிவு ஒன்று, மூடல் பிரிவு ஒன்று. விரிப்பவர் மூடமாட்டார். மூடுபவர் விரிக்கமாட்டார். இருவரும் ஒப்பந்தத்தின் மூலம் மட்டுமே பேசிக்கொள்வார்கள். பூச்சி இதைக் கண்டால் நம்மிடம் கற்றுக்கொள்ளும்."

விரித்தல் பிரிவுக்குப் பத்தொன்பது பேர். அதன் தலைவர் ரொட்னி. மூடல் பிரிவுக்கு ஒரு முகாமையாளர், ஓர் உதவி முகாமையாளர், வேலை செய்ய பேர்ணடெட்.

அந்த வாரமே விரித்தல் பிரிவு, விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகக் கூடத்தில் இயர்விக் கூரையை விரித்தது. விருந்தாளிகள் போனார்கள். மூடுவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. கூரை ஏழு வாரம் விரிந்தபடி இருந்தது. கழிப்பறைக்குப் போகிறவர்கள் குனிந்து போனார்கள். உயரமானவர்கள் தவழ்ந்து போனார்கள். பாதுகாப்பு அலுவலர் முழங்கால் உறை கொடுத்தார். பேர்ணடெட் ஒவ்வொரு நாளும் அந்தக் கூரையைத் தாண்டித் தன் மேசைக்குப் போய், மூடுவதற்கு எதுவும் இல்லாமல் இருந்தாள்.

எட்டாவது வாரத்தில் பார்சல் கொண்டுவந்த ஓர் ஆளின் தோள்பை கூரையின் விலாக் கம்பி ஒன்றில் மாட்டிக்கொண்டது. அவன் உதற உதறக் கூரை அவன் கழுத்தை நெருக்கியது. பேர்ணடெட் ஓடிப்போய், ஒரு சாண் விரித்துத் தளர்த்தி, அவனை வெளியே இழுத்துவிட்டு, அதே கையோடு கூரையையும் மூடிவிட்டாள். அவன் நன்றி சொல்லிவிட்டு ஓடினான்.

அடுத்த நாள் அவளுக்கு இறுதி எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்பந்தம் இல்லாமல் மூடியதை மன்னித்திருந்தார்கள். குற்றம் வேறு: 'மூடல் பிரிவு ஊழியர் ஒருவர் ஒரு சாண் அளவுக்கு விரித்தல் பணியில் ஈடுபட்டமை.' இன்னொரு தரம் எழுத்து மூல அனுமதியின்றி விரித்தால் வேலை போய்விடும்.

அவள் அந்தக் கடிதத்தைக் கீழே கொண்டுபோய்ச் செல்வராஜிடம் காட்டினாள்.

"இறுக்கத்தைத் தளர்த்தாமல் எப்பிடித் தம்பி மடிக்கிறது?"

"முடியாதுங்கக்கா. பூச்சியும் அப்படித்தான் செய்யும்."

"அப்ப பூச்சிக்கும் கடிதம் குடுப்பினமோ?"

"முகவரி கேட்டாங்கக்கா, நான் குடுக்கல."

இப்படியே நவம்பர் வந்தது. மையத்தின் பெரிய திட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. பூங்காக்களில் உலாவப் போகிறவர்கள் திடீர் மழையில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க ஒரு பொதுக் கூரை. நல்ல யோசனைதான், ஓக்லண்டில் காலையில் வெயில் என்று புறப்படுகிறவன் பத்து நிமிடத்தில் நனைந்துவிடுவான். அந்தக் கூரைக்கு மாதிரியாக, கடற்கரையோரம் காடாகப் பூக்கிற கசானியா என்ற செம்மஞ்சள் பூவை எடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு தூண். அதன் உச்சியில் தலைகீழாகப் பூத்த மாதிரிப் பன்னிரண்டு துணி இதழ்கள். வெளிச்சத்தை உணர்கிற ஒரு கண் இருந்தது. அதன் சொற்படி மோட்டார் இதழ்களை விரிக்கும், மூடும்.

செல்வராஜ் மூன்று குறிப்பு அனுப்பியிருந்தான். மூன்றிலும் ஒரே வரிதான்: 'கசானியா வெயிலுக்கு விரியும்; மேகம் வந்தால் மூடிக்கொள்ளும். நாம் செய்வது மழைக்கு ஒதுங்குகிற கூரை.' மூன்றுக்கும் ஈடுபாட்டுக்கு நன்றி வந்தது.

திறப்பு விழா மனுக்காவ் துறைமுகத்தைப் பார்த்த ஒரு பூங்காவில் நடந்தது. அமைச்சர் ஒருவர் வந்தார். பத்திரிகைக்காரர் இருவர், கேக், சுமார் அறுபது பேர். மூடல் பிரிவும் வரவேண்டும் என்று உத்தரவு. பேர்ணடெட் தன்னிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு செல்வராஜ் பக்கத்தில் நின்றாள். ஷெரில் வழக்கம் போலக் கையெழுத்துப் பைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். எந்த நேரத்தில் பணிப்பாளருக்குத் தெளிவு வரும் என்று தெரியாததால் அதை அவள் எங்கும் சுமந்து காவித் திரிந்தாள்.

வெயில் அடித்தது. இதழ்கள் விரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேர்ணடெட்டுக்கே நெஞ்சில் ஒரு சின்னத் துள்ளல். அமைச்சரும் டொக்டர் பம்ஃப்ரியும் தூணடியில் மைக் முன்னால் நின்றார்கள்.

"இந்தக் கூரையிடம் பொத்தான் இல்லை" என்றார் டொக்டர் பம்ஃப்ரி. "ஏன்? பொத்தான் இருந்தால் பொதுமக்கள் அதை அழுத்துவார்கள். இது மனிதருடைய அவசரங்களுக்குச் செவிசாய்க்காது. மழை வருகிறதா, குழந்தை நனைகிறதா என்று இது கவலைப்படாது. இது வானத்தோடு மட்டுமே உரையாடும். ஒரு பொதுச் சேவை இதைவிட உயர்ந்த நிலைக்குப் போக முடியாது."

கை தட்டினார்கள். துறைமுகத்துக்கு மேலே கறுப்பாக ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது.

மோட்டார் முனகியது. பன்னிரண்டு இதழும் அவசரமில்லாமல் கீழே இறங்கின. தூணடியில் நின்ற இருவரையும் உள்ளே வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டன. ஒரு குடையைச் சுருட்டி நட்டு வைத்த மாதிரி இருந்தது. அப்போது மழை கொட்டத் தொடங்கியது.

மைக் உள்ளே இருந்தது. ஒலிபெருக்கி வெளியே இருந்தது.

"கனவான்களே, சீமாட்டிகளே," என்று டொக்டர் பம்ஃப்ரியின் குரல் வந்தது, "நீங்கள் இப்போது காண்பது இரண்டாம் கட்டம்."

"மொத்தம் எத்தனை கட்டம்?" இது அமைச்சர்.

"இதுவரைக்கும் இரண்டு. ஐயா, ஒன்றைக் கவனியுங்கள். ஒரு துளி உள்ளே வருகிறதா? கூரை முழு வெற்றி. வெளியே நிற்பவர்கள் இதை வெளியிலிருந்து மதிப்பிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவார்கள்."

வெளியே நின்ற அறுபது பேரும் நனைந்துகொண்டே இதைக் கேட்டார்கள். கேக் கரைந்தது. ரொட்னி கணினிப் பெட்டியைத் திறந்து என்னென்னவோ செய்தார். கண்ணுக்கு வெளிச்சம் தெரியும்வரை மோட்டார் அசையாது என்றார். வெளிச்சம் எப்போது வரும் என்று கேட்டார்கள். வானிலை அறிக்கையில் நாளை மத்தியானம் என்று இருந்தது. விரித்தல் பிரிவுப் பத்தொன்பது பேரும் சேர்ந்து ஓர் இதழைப் பிடித்து இழுத்தார்கள். அது இன்னும் இறுகியது.

"மூச்சு முட்டுகிறது" என்றது அமைச்சரின் குரல். "எனக்குப் பன்னிரண்டரைக்கு விமானம்."

எல்லாரும் பேர்ணடெட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்கு எந்த இதழைத் தளர்த்த வேண்டும் என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. கால் ஓரடி முன்னே போனது. பிறகு நின்றது. இறுதி எச்சரிக்கை, இன்னொரு தரம், எழுத்து மூல அனுமதி. வத்தளையில் ஓர் அறை. அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, உண்மையிலேயே பயந்தாள்.

"நான் மூடல் பிரிவு" என்றாள். "எனக்கு விரிக்க அனுமதி இல்லை."

ரொட்னி கையை உதறினார். "இப்போது இது அவசரம்!"

"போன தரமும் ஒரு ஆளுக்குக் கழுத்து நெரிஞ்சது. கடிதம் வந்தது."

ஷெரில் முன்னால் வந்தாள். தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. "அவர் சொல்வது சரி. பிரிவு கடந்த சேவைக்குப் படிவம் வேண்டும். பணிப்பாளர்தான் கையெழுத்து வைக்க வேண்டும்."

"பணிப்பாளர் உள்ளே!"

"இதழ்களுக்கு நடுவில் கை போகும்" என்றாள் பேர்ணடெட், தையலைப் பார்த்தபடி.

ஷெரில் பைலைத் திறந்தாள். படிவத்தை எடுத்தாள். அதற்கு அடியில் ஒரு தாள், மூன்று மாதமாகக் காவியதில் ஓரம் நைந்து கிடந்தது. செல்வராஜ் எட்டிப் பார்த்து, "அக்கா, அது உங்க லெட்டர்" என்று மெல்லச் சொன்னான். பேர்ணடெட் ஷெரிலைப் பார்த்தாள். மழை இருவர் முகத்திலும் வடிந்தது. ஷெரில் ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்தத் தாளைப் படிவத்தோடு சேர்த்து வைத்து, பேனையைக் கொழுவி, இதழ்களுக்கு நடுவில் தோள்வரை கையை விட்டாள்.

"டொக்டர், இரண்டு கையெழுத்து."

ஒலிபெருக்கியில் தாள் சரசரத்தது. "முதலாவது விளங்குகிறது. இந்த இரண்டாவது என்ன?"

"மூடல் பிரிவு ஊழியரின் நிரந்தர நியமனம்."

"ஷெரில், இது மூலோபாயத் தெளிவுள்ள காலாண்டு என்று நாம் தீர்மானித்துவிட்டோமா? அவசரப்பட்டு..."

"கையெழுத்தை வையுமையா!" என்று அமைச்சர் கத்தியது துறைமுகம் வரைக்கும் கேட்டது.

தாள்கள் வெளியே வந்தன. ஷெரில் கடிதத்தைத் தன் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, படிவத்தைப் பேர்ணடெட்டிடம் காட்டினாள். அவள் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ஆறு மாதத்தில் அந்த மையம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். பிறகு கோட்டைக் கழற்றிச் செல்வராஜிடம் கொடுத்துவிட்டு, கால்களை அகட்டிச் சேற்றில் ஊன்றிக்கொண்டாள். எல்லாரும் இழுத்த இதழை விட்டுவிட்டு, அதற்கு எதிரே இருந்ததை உள்ளே தள்ளினாள். இறுக்கம் விட்டது. அடுத்ததைத் தூக்கித் தோளில் வைத்தாள். இதழ்கள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு வாசல் அகலத்துக்கு வழி வந்ததும், அமைச்சர் ஒரு பொட்டு நனையாமல், தலை கலையாமல் வெளியே வந்தார். இரண்டாவது அடியில் தலைமுதல் கால்வரை நனைந்தார்.

அவர் பேர்ணடெட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அற்புதம். எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறீர்கள்?"

"நிரந்தரமாகவா? நாலு நிமிஷம்" என்றாள் அவள்.

கடிதம் மழையில் ஓரம் ஊறிப்போயிருந்தாலும் கையெழுத்துத் தெளிவாக இருந்தது. ஷெரில் அதைத் தன் காரின் ஹீற்றரில் காயவைத்து, திங்கட்கிழமை வரை காத்திராமல் அன்று பின்னேரமே இமிகிரேஷன் கந்தோரில் பேர்ணடெட்டோடு போய்க் கொடுத்தாள். காரிலிருந்து இறங்கும்போது ஷெரில், "நான் முன்பு பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் படிப்பித்தேன்" என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள்.

மையம் ஓர் அறிக்கை விட்டது. கசானியா கூரை 'உள்ளிருந்தோர் அனைவரின் பாராட்டையும்' பெற்றதாக அதில் இருந்தது. அமைச்சர் விசாரணைக்குழு போட்டார். அக்குழு, விரிப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் தயங்குவதற்கு ஒரு பிரிவு இல்லாததே குறை என்று கண்டுபிடித்தது. அதை ஏற்படுத்துவதற்குள் அமைச்சருக்குப் பொறுமை போய்விட்டது. பெப்ரவரியில் மையத்தையே மூடும்படி உத்தரவு வந்தது. டொக்டர் பம்ஃப்ரி வெலிங்டனில் இதைவிடப் பெரிய ஒன்றுக்குத் தலைவராகப் போனார். விடைபெறும் உரையில், ஒரு நிறுவனத்தை மூடச் செய்கிற அளவுக்கு அதை முழுமைப்படுத்துவது எல்லாராலும் முடியாது என்றார்.

மூடும் வேலை யாருடையது என்று கடைசிக் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. ரொட்னி விதியைப் படித்துக் காட்டினார். மூடுவது மூடல் பிரிவின் பொறுப்பு. முகாமையாளரும் உதவி முகாமையாளரும் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். ஆகவே மார்ச் மாதம் அந்த மூன்று மாடிக்கும் பேர்ணடெட் ஒருத்தி. எழுத்தில் அவளுக்கு, தற்காலிகத் தலைவர் என்ற பொருளில், 'பதில் பணிப்பாளர்' என்று போட்டுக் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் மின்சாரக்காரர் கேட்கமாட்டாராம்.

மையத்தை மூடும் உத்தரவுக்கு முன்பே பைல் நகர்ந்து மூவருக்கும் அனுமதி கிடைத்திருந்தது. ஜூலியன் மார்ச் எட்டாம் திகதி வந்து இறங்கினான். விமான நிலையத்தில் மெலிந்து, பெரிய கொலர் வைத்த சட்டையோடு நின்ற அவனை ஜனுஷா ஒரு கணம் அடையாளம் காணவில்லை. பிறகு, "அப்பா, யூ காட் ஷார்ட்" என்றாள். அவன் விளங்காமல் மனைவியைப் பார்த்தான். "நீங்கள் குள்ளமாப் போட்டியளாம்" என்றாள் பேர்ணடெட். அவன் சிரிக்கப் பார்த்தான். மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கனநேரம் தலையைத் தூக்கவேயில்லை.

வேலையின் கடைசி நாளன்று அவனையும் பென்ரோஸுக்குக் கூட்டிப்போனாள். இத்தனை மாதம் தொலைபேசியில் கேட்ட இடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். வெறும் கூடம், வெறும் மேசை. மூன்றாம் மாடியில் பணிப்பாளரின் தோல் கதிரை மட்டும் ஏலக்காரனுக்காகக் காத்திருந்தது.

"இதிலையோ அந்த மனுசன் இருந்தவர்?"

"ஓம். இரும் ஒருக்கா."

"நீரல்லோ இப்ப பணிப்பாளர். நீர் இரும்."

அவள் இருந்தாள். கதிரை சுற்றியது. ஜூலியன் கொண்டுவந்த ரொட்டியையும் மீன் சம்பலையும் மேசையில் விரித்தார்கள். அப்போது செல்வராஜ் மூச்சிரைக்க ஏறி வந்தான். ஹமில்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. கீழ்த்தளத்துப் பூச்சிப் பெட்டிகளை நாளைக்குக் குப்பையில் போடப்போகிறார்களாம். அவற்றைத் தன்னோடு கொண்டுபோக அவனுக்கு ஒரு கடிதம் வேண்டும். இரண்டு பக்கம் அடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, இதுல பணிப்பாளர் கையெழுத்து வேணுங்க. வேணும்னா படிச்சுப் பாத்துட்டு மெதுவா..."

பேர்ணடெட் சம்பல் கையை ரிசுத் தாளில் துடைத்தாள். பேனையை வாங்கி இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூலியன் திடுக்கிட்டுப் பார்த்தான். "வாசிக்காமலோ வைச்சனீர்?"

"பூச்சி அவன்ர. இதில வாசிக்க என்ன கிடக்கு?" என்றாள் அவள். "தம்பி, நில்லும். கீழ இறக்க நாங்களும் ஒரு கை பிடிக்கிறம். முதல்ல குந்தி ஒரு ரொட்டி சாப்பிடும்."